தவிர்த்தல் என்னுஞ் சொல்லும் அதன் வரலாறும்

சில திங்களுக்கு முன்னர் நம் சங்கத்து வாசகசாலையில் இளைஞர் ஒருவர் சோழர் வரலாற்று நூலொன்றைக் கையிற் கொண்டு எம்மை அணுகி, "ஐயா, முதற் குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று புகழ்ந்திருக்கின்றார்கள். குடிகளெல்லாம் சுங்கங் கொடுக்க, அரசன் மட்டும் கொடாமல் தவிர்த்துக்கொண்டால் அதனிற் புகழ்ச்சி யாது?" என்று வினவினார். உடனிருந்தோர் நகைத்தனர். யாம் நகைத்திலேம். அவ்விளைஞர் தாம் அறிந்த தமிழைக் கொண்டு நேர்மையாகவே பொருள் கண்டார். வெயிலைத் தவிர், உப்பைத் தவிர், வீண் பேச்சைத் தவிர் என்று நாள்தோறும் கேட்டு வளர்ந்த செவிக்குத் தவிர்த்தல் என்பது ஒதுங்கிக்கொள்ளுதல் என்றே படும். பிழை அவர்பாலதன்று, சொல்லின் பொருள் இடையிலே பெயர்ந்துவிட்டது. அப் பெயர்ச்சியைச் சிறிது ஆராய்ந்து நேயர்கட்கு உரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும். ஆராயப் புகுந்தவிடத்து, இஃது ஒரு சொல்லைப் பற்றிய ஆராய்ச்சி மாத்திரமன்று, நம்மவர் உரிமை பெற்ற வரலாறும் உரிமை இழந்த வரலாறும் இச்சொல்லினுள் அடங்கிக் கிடக்கின்றன என்பது எமக்குப் புலனாயிற்று.

சொல்லின் இயல்பு

தவிர் என்னும் வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் வழங்கும். தவிர்ந்தது எனின், நடந்துகொண்டிருந்த ஒன்று தானே நின்றது, தணிந்தது, நீங்கியது என்பது பொருள். தங்குதல் என்னும் பொருளும் பழைய வழக்கில் அதற்குண்டு; நடை நின்ற இடத்தே தங்குதல் நிகழ்தலின் அதுவும் பொருந்துவதேயாம். தவிர்த்தான் எனின், நடந்துகொண்டிருந்த ஒன்றைப் பிறிதொருவன் நிற்கச் செய்தான் என்பது பொருள். நீங்கு, நீக்கு எனவும், மாறு, மாற்று எனவும், ஒழிந்தது, ஒழித்தான் எனவும் வருவனவும் இவ்வகையினவே. ஆகவே, சுங்கம் தவிர்த்தான் என்றால் சுங்கம் என்னும் நடைமுறையையே நிறுத்தினான் என்று கொள்ளல் வேண்டும்.

இக்காலத்திலோ, தவிர்த்தல் என்பது பெரும்பாலும் ஒருவன் தன்னை ஒன்றனிடத்தினின்று விலக்கிக்கொள்ளுதலைக் குறிக்கின்றது. தீமை இருந்த இடத்தே இருக்கும். இவன் சுற்றிக்கொண்டு போவான். பண்டைச் சொல் தீமையை விலக்கியது. இன்றைச் சொல் தன்னை விலக்கிக்கொள்கின்றது. எனினும் பழம்பொருள் முற்றும் இறந்துபட்டதன்று. "அவரைத் தவிர மற்றையோர் வந்தனர்" என்னுமிடத்து ஒருவரைக் கணக்கினின்று நீக்குதல் என்னும் பொருள் இன்றும் உயிரோடிருக்கின்றது. பத்திரம் எழுதுவோர் "மேற்படி நிலம் நீங்கலாக" என்றெழுதுவதும் இவ்வினத்ததே.

சுங்கம் தவிர்த்தமை

சுங்கம் எனினும் உல்கு எனினும் ஒக்கும். வாணிகப் பண்டங்கள் வழியே செல்லும்போதும் துறையிலே இறங்கும்போதும் அரசன் கொள்ளும் இறையே இஃது. திருவள்ளுவர் 756-ஆம் குறளில் வேந்தனுக்குரிய பொருள்களை எண்ணுமிடத்து உல்கினையும் வைத்தெண்ணினார். கலத்தினும் காலினும் வரும் பண்டங்கட்குரிய இறை அஃது என்று பரிமேலழகர் விளக்கினார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே பண்டப் பொதிகளின்மேற் சோழரது புலி இலச்சினை பொறித்து உல்கு கொண்ட செய்தி பட்டினப்பாலையிற் கூறப்பட்டிருக்கின்றது. இவ்வாறு தொன்றுதொட்டு வேந்தர்க்கு உரியதென ஒப்பப்பட்ட வருவாயினை ஒருவன் வேண்டாவென்று விடுத்தமையே குலோத்துங்கனது புகழுக்குக் காரணமாயிற்று.

இவன் கீழைச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரனுக்கும், முதல் இராசேந்திர சோழன் மகளாகிய அம்மங்கதேவிக்கும் பிறந்தவன். கி.பி. 1070-இல் சோழநாட்டு அரசுகட்டில் ஏறினான். தாய்வழியால் அரசு பெற்று வேற்று நாட்டினின்றும் வந்தவனாதலின், குடிகளின் அன்பைப் பெறுதல் இவனுக்குப் பெரிதும் இன்றியமையாததாயிருந்தது. சுங்கம் தவிர்த்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாமென்று நாம் ஊகித்தல் தவறாகாது. தஞ்சையை அடுத்த கருந்திட்டைக்குடி சுங்கந் தவிர்த்த சோழநல்லூர் என்று பெயர் பெற்றதும், ஒட்டக்கூத்தர் தம் உலாக்களில் இதனைச் சோழர் குலத்துக்கொரு சிறப்பாக எடுத்துரைத்ததும் இச்செயலின் பெருமையைக் காட்டுவனவாம்.

சுங்கம் தவிர்ந்ததனால் நலம் பெற்றவர் யாவர்? பொதிமாட்டின்மீது உப்பும் மிளகும் துணியும் ஏற்றிச் சென்ற வாணிகர் முதற்கண் நலம் பெற்றனர். ஆயினும் வழிதோறும் கொடுக்கும் இறையை வாணிகன் தன் கையினின்றும் கொடுப்பானல்லன். பண்டத்தின் விலையிலே ஏற்றி விற்பான். ஆகவே, கடைத்தெருவில் உழக்கு உப்பு வாங்கும் ஏழையே முடிவில் சுங்கத்தைச் சுமந்தவன். அதனைத் தவிர்த்தவனை எளிய மக்களும் போற்றியதில் வியப்பொன்றுமில்லை. கடல்கடந்த வாணிகத்திலும் இவன் கருத்துடையவனாயிருந்தான். 1077-இல் சோழநாட்டினின்று 72 பேர் கொண்ட தூதுக்குழுவொன்று சீன நாட்டிற்குச் சென்றது. 1090-இல் கடாரத்தரசன் தூதர் வேண்ட, நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரங்கட்குரிய ஊர்களின் வரிகள் சிலவற்றை இவன் நீக்கிக் கொடுத்தமை சிறிய லெய்டன் செப்பேட்டினால் அறியப்படும்.

ஈண்டு நாம் மற்றொன்றையும் மறைத்தல் கூடாது. இவனுக்குப் பிற்பட்ட காலத்துச் சாசனங்களிலே சுங்கம் மீண்டும் காணப்படுகின்றது. ஆகவே தவிர்க்கப்பட்டது தவிர்ந்தேயிருக்கவில்லை. மேலும், இவனே 1086-இல் நாட்டு நிலங்களை அளப்பித்தான். வழியிலே கொள்ளும் இறையை விட்ட அரசு, வயலிலே கொள்ளும் இறையைச் செவ்வையாகக் கணக்கிட்டது. இது குற்றமென்பது எம் கருத்தன்று; அரசிற்குப் பொருள் வேண்டும். ஆயினும் ஒரு வரி தவிர்ந்ததென்று முரசறையும்போது, அவ்வருவாய் வேறெந்த வாயிலாக வந்து சேருகின்றது என்று நோக்குதல் அறிவுடையோர் கடமையாம்.

முன்னுடையாரைத் தவிர்த்தமை

இனி இச்சொல்லின் மறுபக்கத்தைக் காண்போம். சோழர் காலத்து நிலக்கொடைச் சாசனங்களிலே, முன்னுடையாரையும் பழம்பேரையும் தவிர்த்து நிலத்தைக் கொடுத்ததாகக் கூறும் வாய்பாடு வருதலுண்டு. அதற்கும் முற்பட்ட பல்லவர் செப்பேடுகளில் முன்பெற்றாரை மாற்றிக் கொடுத்ததாக வரும். குடிநீக்கிக் கொடுத்த தேவதானம் என்றும், குடிநீங்காத் தேவதானம் என்றும் இருவகை வழக்குக்களும் உள. குடிநீங்கா என்புழி, உழுகின்ற குடிகள் தம் உரிமையோடு அந்நிலத்திலேயே இருப்பர். இறை மாத்திரம் கோயிலுக்குச் செல்லும். குடிநீக்கி என்புழி, உழுதுவந்தோரின் உரிமையே நீக்கப்படும்.

சுங்கத்தைத் தவிர்த்த அதே சொல்லே மக்களையும் தவிர்த்தது. சுங்கந் தவிர்த்தவன் பெயர் ஊர்ப்பெயராக நின்றது. தவிர்க்கப்பட்ட முன்னுடையார் பெயரோ பெரும்பாலும் கல்லில் இடம் பெறவேயில்லை. பழம்பேரைத் தவிர்த்து என்ற விடத்து அவ்வூரின் பழைய பெயரும் அதனோடு மறைந்தது. நிலம் போயிற்று, நிலத்தின் பெயரும் போயிற்று. தம் முன்னோர் இவ்வூரில் இருந்தனர் என்று சொல்லிக்கொள்ளுதற்கு ஊர்ப்பெயரும் மிஞ்சாத குடிகள் எத்தனையோ, அறியோம்.

நம்முள் பலர் குலப்பெருமையை நாட்டுதற்பொருட்டுக் கல்வெட்டுக்களைத் தேடுகின்றனர். அது நன்றே. ஆயின் ஒவ்வொரு கல்வெட்டிலும் பெற்றவன் பெயரைத் தேடுவதோடு அமையாது, அவன் பெறுதற்பொருட்டுத் தவிர்க்கப்பட்டவன் யாவன் என்றும் கேட்டல் வேண்டும். நம் முன்னோர் பெற்றவர் வரிசையிலேதான் இருந்தனர் என்று யார் உறுதி கூறவல்லார்?

வேள்விகுடிச் செப்பேடு இவ்வகையிலே கருதத்தக்கது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் பாண்டியன், வேள்வி முற்றுவித்த கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு அவ்வூரைக் கொடுத்தான். பின்னர்க் களப்பிரர் நாட்டைக் கைக்கொண்டபோது அக்கொடை நீக்கப்பட்டது. பாண்டியன் கடுங்கோன் நாட்டை மீட்டான். அவன் வழிவந்த நெடுஞ்சடையன் பராந்தகன், எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தன் 3-ஆம் ஆட்சியாண்டிலே, நற்கொற்றன் வழியினனாகிய நற்சிங்கன் முறையிட, பழமையைக் காட்டுக என்று கேட்டு, அவன் காட்டியபின் ஊரை மீட்டுக் கொடுத்தான். கொடுத்தல், நீக்கல், நீக்கலை நீக்கல் ஆகிய மூன்றும் ஒரே ஏட்டில் அமைந்திருத்தலைக் காண்க. இச்செப்பேடு இப்போது இலண்டன் மாநகரிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றது. களப்பிரர் அக்கொடையை எக்காரணத்தால் நீக்கினர் என்பதனை அவர்தம் வாய்மொழியாக நாம் கேட்க வழியில்லை. வென்றவரது ஏடே நமக்குக் கிடைத்துளது. நற்சிங்கனோ, பல தலைமுறை கழிந்த பின்னும் தன் உரிமைக்குச் சான்று காட்டவல்லவனாயிருந்தான். சான்றுடையான் தவிர்க்கப்பட்டதை மீளப் பெற்றான். சான்றில்லாதார்க்கு அவ்வாறு பெறும் வழியுமில்லை.

தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்களிலே இறையிலியாக நீங்கு நிலங்கள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்பன அவ்வாறு கழிக்கப்பட்டவற்றுட் சில. இறையிலி என்றவுடன் அதனைப் பெருமையென்று கருதற்க. கோயிலுக்கும் வேதியர்க்கும் விட்ட இறையிலி ஒருவகை; விளைவில்லாத இடமென்று கணக்கினின்று கழித்த இறையிலி மற்றொருவகை. சேரியும் சுடுகாடும் ஒரே வரிசையில் நின்றது இரண்டாம் வகையினால் என்க. விதிவிலக்குப் பெற்றோம் என்று மகிழுமுன், மதிப்பினால் விலக்கப்பட்டோமா, மதியாமையால் விலக்கப்பட்டோமா என்று காணல் வேண்டும்.

தடை தவிர்ந்தமை

கொங்கு நாட்டிலே கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டு நம் கவனத்திற்குரியது. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டத்தினையுடைய அரசன் வெங்கால நாட்டுக் கண்மாளர்க்கு விடுத்த ஆணை அது. தனது 15-ஆம் ஆட்சியாண்டு ஆடித் திங்கள் முதல், அவர்கள் தம் வீட்டு நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை முதலியன கொட்டுவித்துக்கொள்ளலாம், புறப்படுமிடங்களுக்குச் செருப்பணிந்து செல்லலாம், தம் வீடுகளுக்குச் சாந்து இட்டுக்கொள்ளலாம் என்று அரசன் உரிமை அளித்தான்.

இவ்வாணையைப் படிப்போர் அரசனது வள்ளன்மையைப் புகழ்வர். யாமும் புகழ்கின்றேம். ஆயின் ஆணையின் நடையை ஊன்றி நோக்குக. இத்தடையைத் தவிர்த்தோம் என்று அதில் இல்லை. இவ்வுரிமையைக் கொடுத்தோம் என்றே இருக்கின்றது. அதற்கு முன்னாளில், கோயிற் கோபுரத்தையும் தேரையும் படிமத்தையும் தம் கையால் ஆக்கிய அம்மக்கள் காலிற் செருப்பணியவும், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும் உரிமையின்றியிருந்தனர் என்பது அக்கொடையினாலேயே நாம் அறிவது. கொடை என்னுஞ் சொல்லினுள் தடை மறைந்து கிடக்கின்றது. தவிர்த்தோம் என்றெழுதினால் முன்பு தடையிருந்தது என்று ஒப்புக்கொண்டதாகும். கொடுத்தோம் என்றெழுதினால் கொடுத்தவன் புகழ் மாத்திரம் நிற்கும். அரசாங்கங்கள் இந்நடையை இன்றளவும் கைவிட்டில.

அரசன் தவிர்ப்பதற்குக் காத்திராமல் மக்களே தவிர்த்த வரலாறும் உண்டு. விசயநகர வேந்தன் இரண்டாம் தேவராயன் காலத்தில், 1429-ஆம் ஆண்டிலே, கொறுக்கை, ஆடுதுறை முதலிய ஊர்களில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள் இதனைக் கூறுகின்றன. வலங்கை 98 எனவும் இடங்கை 98 எனவும் வழங்கிய குலத்தோர், தம்முள் இருந்த பூசலை விடுத்து ஒன்றுகூடி, முறைகடந்து இறை வாங்கிய அதிகாரிகளையும் நிலவுடையோரையும் எதிர்த்தனர். இன்னவற்றுக்கு இவ்வளவே இறை இறுப்போம் என்று தாமே வரையறுத்துக் கல்லில் வெட்டுவித்தனர். எந்நாளும் முரணி நின்ற இருகையாரும் அன்று ஒரு கையாயினர். குலச் சங்கங்கள் நடாத்தும் நாம் இதனை மறவாதிருத்தல் நலம். ஒரு குலம் தனித்து நின்று கேட்டதைக் கொடையாகப் பெற்றது. பல குலங்கள் கூடி நின்றபோது கேளாமலே விதி வகுத்தன.

ரத்து என்னுஞ் சொல் வந்தமை

ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்திலும், அதன்பின் கும்பினியார் காலத்திலும் அரசாங்க வழக்கிலே அரபும் பாரசீகமும் கலந்தன. தாவா, ஜாமீன், ஜப்தி, வசூல், பாக்கி முதலியவற்றோடு ரத்து என்னுஞ் சொல்லும் நம் நாட்டில் குடியேறிற்று. அரபு மொழியில் இதன் மூலமாகிய ரத் என்பது திருப்புதல், மறுத்தல் என்னும் பொருளுடையது. தவிர்த்தல் அரசனது அறச்செயலாகப் பாடப்பெற்றது; ரத்து கச்சேரியின் எழுத்துவேலையாயிற்று. முன்னது கல்லிலும் ஏட்டிலும் நின்றது. பின்னது மனுவின் முதுகிலே எழுதப்பட்டது.

இக்காலத்தில் இதனோடு வேறு சில சொற்களும் வழங்கலாயின. அவற்றின் வேறுபாட்டை நம்மவர் நன்கறிதல் வேண்டும். வஜா என்பதும் தள்ளுபடி என்பதும் விளைவு கெட்ட ஆண்டில் செலுத்தவேண்டிய தொகையை விட்டுக்கொடுத்தலைக் குறித்தன. வரி இருக்கும், இவ்வாண்டுக்கு மாத்திரம் வாரார். ரத்து என்பது கட்டளையே இல்லையென்று ஆக்குதல். செல்லாது என்பது கோர்ட்டார் கூறுவது. செல்லாக் காசு போல அக்கட்டளை நடமாடாது என்பது கருத்து. தள்ளுபடி என்னும் ஒரு சொல்லே, கடன்பட்டான் வாயில் மகிழ்ச்சியையும், வழக்காடுவான் செவியில் துன்பத்தையும் விளைக்கும். கடன் தள்ளுபடியாயிற்று என்பதும், மனு தள்ளுபடியாயிற்று என்பதும் ஒன்றாகா. ஆகவே மனு எழுதுவோர் தாம் வேண்டுவது யாதென்று தெளிந்து எழுதுதல் வேண்டும். ரத்து வேண்டுமிடத்து வஜா கேட்டால், அடுத்த ஆண்டும் அதே வாயிலில் நிற்க நேரும்.

குலோத்துங்கனுக்குப்பின் ஏறக்குறைய 770 ஆண்டுகள் கழித்து, சென்னை மாகாணத்தில் உள்நாட்டுச் சுங்கம் மற்றொரு முறை தவிர்க்கப்பட்டது. சாயர் என்று வழங்கிய அவ்வழிச்சுங்கத்தை 1844-இல் 6-ஆவது சட்டம் ரத்துச் செய்தது. அவ்விழப்பை ஈடுசெய்தற்கு அரசாங்கத்தார் தம் ஏகபோகமாயிருந்த உப்பின் விலையை உயர்த்தினர். வழியிலே தவிர்ந்த சுங்கம் அடுப்படியிலே வந்து சேர்ந்தது. நெசவாளர் தறிக்கும், கைத்தொழிலாளர் கருவிக்கும், சிறு கடைக்கும் விதிக்கப்பட்டிருந்த மொகதர்பா என்னும் தொழில்வரியும் 1861-இல் ஒழிந்தது. சோழர் காலத்துத் தறியிறை முதலாக நூற்றாண்டு பல தறிமேல் ஏறியிருந்த சுமை அன்று இறங்கிற்று.

1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம் அடிமைமுறையைப் பற்றியது. அதனை அடிமை ஒழிப்புச் சட்டம் என்று பலர் கூறுவர். ஆயின் அஃது அடிமைத்தனம் ஒழிந்தது என்று கூறவில்லை. அடிமை மீது ஒருவனுக்குள்ள உடைமையுரிமையைக் கோர்ட்டுக்கள் ஏற்று நடத்தித் தரமாட்டா என்றும், வரிப்பாக்கிக்காக அடிமையை அரசாங்க உத்தியோகஸ்தர் விற்கலாகாது என்றும் விதித்தது. அரசாங்கம் தன் கையை விலக்கிக்கொண்டது. ஆண்டை கையைப் பிடிக்கவில்லை. மனிதனை அடிமையாக வாங்குதலும் விற்றலும் குற்றமாகியது 1862-இல் இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின்னரே. அதற்குப் பின்னும் தஞ்சைத் தரணியில் பண்ணையாள் கடன்பட்டுக் கட்டுண்டே கிடந்தான். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் மத்திய சட்டம் 1976-இல் வந்தது. முன்னர் யாம் கூறிய இருவகைத் தவிர்த்தலும் இங்கே விளங்குதல் காண்க. 1843-இல் நிகழ்ந்தது தன்னைத் தவிர்த்துக்கொள்ளுதல். தீமையைத் தவிர்த்தற்கு இன்னும் 133 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

ரேகைச் சட்டம்

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வடநாட்டில் இயற்றப்பெற்று, 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. நம் நாட்டார் அதனைக் கைரேகைச் சட்டம் என்றே கூறினர். ஒருவன் செய்த குற்றத்துக்கன்றி, அவன் பிறந்த பிறப்புக்குக் குற்றஞ் சாட்டிய சட்டம் அது. ஆண்மக்கள் ரேகை பதிவிட்டு, இரவிலே போலீஸ் ஸ்டேஷனிற் சென்று கிடக்கவேண்டும். வேற்றூர் செல்ல வேண்டின் ராதாரிச் சீட்டுப் பெறவேண்டும். ராதாரி என்னும் பாரசீகச் சொல் பண்டு வழிச்சுங்கத்தையும் அது செலுத்திப் பெறும் சீட்டையும் குறித்தது. மக்கள் அதனை ராத்திரிச் சீட்டு என்று வழங்கியது பொருத்தமே. பண்டத்துக்கு இட்ட வழிச்சுங்கம் 1844-இல் தவிர்ந்தது. மனிதனுக்கு இட்ட வழிச்சீட்டு 1911-இல் புகுந்தது.

1920 ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில், ரேகை பதிய மறுத்த மக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பெண்மகள் ஒருத்தி உட்படப் பலர் உயிர் துறந்தனர். அதன்பின் முத்துராமலிங்கத் தேவர் முதலிய தலைவர்கள் நடத்திய கிளர்ச்சியின் பயனாகச் சென்னை மாகாணத்தில் 1947-இல் அச்சட்டம் ரத்தாயிற்று. இந்தியா முழுமைக்கும் 1952 ஆகஸ்ட் 31-இல் ரத்தாயிற்று.

ஆனால், சென்னை மாகாணத்திலே 1948-இல் வாடிக்கைக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று இயற்றப்பட்டது. குலத்தைக் குற்றவாளியாக்கிய சட்டம் போயிற்று; தனி மனிதனை வழக்கமான குற்றவாளியென்று பதிவுசெய்யும் சட்டம் வந்தது. நூலளவில் இரண்டும் வேறு. வழக்கத்திலோ, பழைய பதிவேட்டிலிருந்த குடும்பங்கள்மீதே புதிய கண்ணும் படிந்தது என்று அம்மக்கள் முறையிட்டு வந்தனர். 2024 அக்டோபர் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சாதிபற்றிச் சிறையில் வேலை பகுக்கும் விதிகள் செல்லாவென்று தீர்ப்பளித்தபோது, சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் பழைய எண்ணம் சிறைவிதிகளில் தங்கியிருத்தலையும் கண்டித்தது. 1952-இல் ரத்தான சட்டத்தின் நிழல் 2024 வரை நீண்டிருந்தது என்றால், ரத்து என்னுஞ் சொல்லின் வலிமை எத்துணை என்பதை நேயர்களே அளந்துகொள்க.

ஒழித்தல்

நாடு உரிமை பெற்ற காலத்தில் தவிர்த்தல், ரத்து என்னும் இரண்டும் போதா என்று கருதினார் போலும், ஒழித்தல் என்னும் வன்மைச் சொல்லே மேடையேறிற்று. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் சென்னையில் வந்தது. 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது விதி தீண்டாமை ஒழிக்கப்பட்டதென்று கூறிற்று.

அவ்விதியிற் போற்றத்தக்க நுட்பமொன்றுண்டு. ஒழிக்கப்பட்டது என்பதனோடு நின்றுவிடாது, எவ்வடிவிலேனும் அதனைக் கைக்கொள்ளுதல் தடைசெய்யப்பட்டது என்றும், அதனாற் பிறக்கும் இயலாமையை வலிந்து சுமத்துதல் தண்டனைக்குரிய குற்றம் என்றும் அவ்விதி சேர்த்துரைத்தது. ஒழிந்தது என்று மட்டும் எழுதியிருந்தால், ஒழிந்த ஒன்றைப் பற்றி முறையிடுவானேன் என்று கேட்பாரும் உளராவர். ஒழித்தோம் என்று சொல்லியும், ஒழியாதிருக்கக் கூடுமென்று உணர்ந்தும் எழுதியதே அவ்விதியின் அறிவுடைமை. அதற்கேற்ற தண்டனைச் சட்டம் 1955-இல் வந்தது. அச்சட்டத்தின் துணை இன்றும் வேண்டப்படுகின்றது என்பது நாமெல்லாம் வெட்கத்துடன் ஒப்பவேண்டிய உண்மை. நம் குலத்துக்கு இழைத்த தடை தவிர்க என்று கேட்கும் நாம், நம் ஊரில் நாம் பிறர்க்கு இட்ட தடையைத் தவிர்த்தோமா என்று நெஞ்சிற் கைவைத்துக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தவிர்த்தல், நீக்கல், மாற்றல், ரத்து, ஒழித்தல் என்று காலந்தோறும் சொல் மாறினும், கேட்கவேண்டிய கேள்விகள் மாறவில்லை என்பது போதரும். தவிர்த்தவர் யாவர்? தவிர்க்கப்பட்டது வரியா, தடையா, அன்றி ஒரு குடியா? தவிர்ந்தவிடத்து வந்து புகுந்தது யாது? தவிர்ந்தது மீளாதபடி காப்பவர் யாவர்? இந்நான்கினையும் கேளாமல் ஓர் ஆணையைக் கண்டு மகிழ்தலும் வருந்துதலும் அறியாமையாம். சுங்கம் தவிர்த்தவனைக் கேட்டால் நான்காம் வினாவுக்கு விடையில்லை. முன்னுடையாரைத் தவிர்த்த கல்லைக் கேட்டால் இரண்டாம் வினாவுக்கு விடை நம்மை வருத்தும். ரேகைச் சட்டத்தின் ரத்தைக் கேட்டால் மூன்றாம் வினாவுக்கு விடை நம்மை விழிப்பிக்கும்.

எம்மிடம் வினவிய இளைஞருக்கு அன்று சொற்பொருளை மட்டும் சுருங்கக் கூறி அனுப்பினேம். சில நாட்களின் பின் அவர் மீண்டும் வந்து, "ஐயா, நேற்றுத் தஞ்சைக்குப் போயிருந்தேன். வழியிலே சுங்கச்சாவடிகளில் வண்டி நின்றது. பணங் கட்டிச் சென்றோம். கரந்தையைத்தானே சுங்கந் தவிர்த்த சோழநல்லூர் என்றார்கள்?" என்றார். ஆம், அதுவே என்றேம். அவ்வூரார்க்குத் தம் ஊருக்கு அப்பெயர் இருந்தமை தெரியுமா என்று கேட்டார். தெரிந்தவர் சிலர் இருப்பர் என்றேம். பழம்பேரும் தவிர்ந்துவிட்டது போலும் என்று அவர் சொன்னபோது, அச்சொல்லின் பழம்பொருளை அவர் நன்கு கற்றுக்கொண்டார் என்று கண்டு யாம் மகிழ்ந்தேம்.